பத்திரிகைக் குடும்பம் ஒன்றின் வரலாற்றைத் தோட்டப் பட்டணத்திலிருந்து எழுதுவது எப்படி?

மலேசியாவில் ஒரு தமிழ் நாளிதழ் நின்றுபோகும்போதெல்லாம் அதை நடத்திய குடும்பத்தைப் பற்றிய பேச்சுதான் முதலில் எழுகிறது. தந்தை வளர்த்தார், பிள்ளைகள் கோட்டைவிட்டார்கள், பங்காளிச் சண்டையில் பத்திரிகை மடிந்தது என்று கோப்பிக் கடையில் சொல்லப்படும் கதையே சில ஆண்டுகளில் நினைவு மலர்களிலும் ஏறிவிடுகிறது. அக்கதையை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது; ஆனாலும் அது பாதிக் கதைதான். மற்றப் பாதி, அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கி, தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் திண்ணையில் உரக்கப் படித்து, பிறகு ஒரு நாள் வாங்குவதை நிறுத்திய தோட்டத்து மக்களிடம் இருக்கிறது. அந்தப் பாதியைத் தேடி எழுத விரும்பும் முன்னாள் மாணவர் சங்கத்தார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர்கள் ஆகியோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1948 ஜூன் 16 அன்று இவ்வூரை அடுத்த எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, இவ்வூரின் பெயர் உலகச் செய்தியாயிற்று. 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் இவ்வூர்க்காரர். 1974 முதல் 2008 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ச. சாமிவேலுவின் குடும்பத்தாரிடம்தான் தமிழ் நேசன் நாளிதழ் தன் இறுதிக் காலத்தில் இருந்தது. ஆக, ஒரு நாளிதழின் வாசகர்களும் அதன் உரிமையாளரின் அரசியல் களமும் ஒரே ஊரில் அமைந்திருக்கின்றன. உங்கள் ஊர் பாகான் செராயாகவோ பீடோராகவோ இருந்தாலும் முறை இதுவேதான்.

முதலில் கைமாறிய வரலாறு

குடும்பப் பத்திரிகை என்று எழுதுவதற்கு முன்னால், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை அது எந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது என்பதை நிறுவிக்கொள்ளுங்கள். இது எளிய வேலை போலத் தோன்றினாலும் பெரும்பாலான கட்டுரைகள் சறுக்குவது இங்கேதான். தமிழ் முரசு 1935இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வார இதழாகத் தொடங்கிற்று. அதன் ஆசிரியராக இருந்த கோ. சாரங்கபாணி பின்னர் அதைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 1974இல் அவர் மறைந்த பின் குடும்பத்தார் நடத்தினர். 1995இல் அது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. சங்கத்தில் பிறந்து, தனி மனிதரிடம் வளர்ந்து, குடும்பச் சொத்தாகி, பெருநிறுவனத்தில் போய்ச் சேர்ந்த இதழை ‘குடும்பம் தொடங்கிய பத்திரிகை’ என்று ஒரே சொல்லில் அடக்கினால், அதன் வளர்ச்சிக்கு அடிப்படையாயிருந்த சங்கத்தின் உழைப்பு கண்ணில் படாமலே போய்விடும். தமிழ் நேசனின் போக்கு வேறு. 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய அவ்விதழ் பல கைகள் மாறி, தொடங்கியவரோடு எவ்வித உறவும் இல்லாத குடும்பம் ஒன்றிடம் இருந்தபோது, 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. தொடங்கிய குடும்பமும் மூடிய குடும்பமும் வேறாக இருக்கையில், ‘மூன்றாம் தலைமுறை கெடுத்தது’ என்ற வழக்கமான தீர்ப்பு இங்கே பொருந்தவே பொருந்தாது.

கைமாறியதை எங்கே பார்ப்பது? இதழின் கடைசிப் பக்கத்தின் அடியில் சிற்றெழுத்தில் வரும் அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயரையும் முகவரியையும் பாருங்கள். அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் பற்றிய 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வரி கட்டாயம். கிடைக்கும் ஒவ்வோர் ஆண்டிலும் ஜனவரி, ஜூலை மாதங்களின் முதல் இதழை எடுத்து அந்த வரியை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயரோ முகவரியோ மாறியிருந்தால், அந்த ஆறு மாதத்து இதழ்களை நாள்தோறும் புரட்டி மாறிய நாளைக் கண்டுபிடியுங்கள். தலையங்கத்தில் இது பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் இருக்கலாம், அடிவரி சொல்லிவிடும்.

அடுத்து, மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தின் பதிவேட்டுக்குச் செல்லுங்கள். எஸ்.எஸ்.எம். என்று நாம் சொல்லும் இவ்வாணையம் 2002இல் அமைந்தது. கட்டணம் செலுத்தினால், ‘செண்டிரியான் பெர்ஹாட்’ எனப்படும் தனியார் நிறுவனம் ஒன்றின் இயக்குநர்கள், பங்குதாரர்கள், தாக்கல் செய்த கணக்கறிக்கைகள் ஆகியவற்றின் படிகளை எவரும் பெறலாம். பலரும் பங்குதாரர் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். நான் பரிந்துரைப்பது ஈட்டுப் பதிவுகளை. நிறுவனம் தன் சொத்தை எந்த வங்கியிடம், எந்த நாளில் ஈடு வைத்தது என்பது அங்கே இருக்கும். இயந்திரம் வாங்கக் கடன் பட்டதற்கும், சம்பளம் கொடுக்கக் கடன் பட்டதற்கும் உள்ள வேறுபாட்டை, அதே ஆண்டின் கணக்கறிக்கையையும் இதழின் அச்சுத் தரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் உணர்ந்துகொள்ளலாம்.

தாள்களைத் தேடுவதும் காப்பதும்

தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் தமிழ் நாளிதழ்த் தொகுப்புகள் உண்டு. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் காணலாம். ஆயினும் ஊரிலேயே தேடுவதை ஒத்திப்போடாதீர்கள். தமிழ்ப்பள்ளியின் பண்டக அறை, கோயில் நிர்வாகக் குழுவின் அலமாரி, தொழிற்சங்கக் கிளை அலுவலகம், பழைய முடிதிருத்தகம், தையற்கடை ஆகிய இடங்களில் கேளுங்கள். வீடுகளில் கேட்கும்போது ‘பழைய பேப்பர் இருக்கிறதா?’ என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ‘உங்கள் கதையோ கவிதையோ படமோ பத்திரிகையில் வந்திருக்கிறதா, அம்மா?’ என்று கேட்டால் டின் பெட்டி திறக்கும். மக்கள் பத்திரிகையைப் பத்திரிகைக்காகச் சேர்த்து வைப்பதில்லை; தம் பெயருக்காகச் சேர்த்து வைக்கிறார்கள். நறுக்குகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: வேறு எங்கும் கிடைக்காத விளம்பரமோ விலைப்பட்டியலோ அங்கே இருக்கக்கூடும்.

செய்தித்தாள் மரக்கூழில் செய்யப்படுவதால் அதிலுள்ள லிக்னின் காற்றும் ஒளியும் பட்டு அமிலமாகி, தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். நம் நாட்டு ஈரப்பதம் அவ்வேலையை விரைவுபடுத்துகிறது. கறையானும் இராமபாணமும் எஞ்சியதைப் பார்த்துக்கொள்கின்றன. எனவே இதழ்களைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல், தரையிலிருந்து உயர்ந்த அலமாரியில், அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில் படுக்கை நிலையில் வையுங்கள். செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள், அதன் பசை சில ஆண்டுகளில் எழுத்துக்குள் ஊறிக் கறையாகும். லேமினேஷன் செய்வதோ அதைவிடக் கெடுதல், ஏனெனில் செய்ததை நீக்க முடியாது. மடிப்பில் ஒடியும் தாளைக் கையில் தூக்காமல், அடியில் ஓர் அட்டையைச் செருகி அட்டையோடு தூக்குங்கள்.

படமெடுக்கக் கைப்பேசி போதும். நேரடி வெயில் படாத சன்னலோரத்தில் மேசையை இட்டு, தாளின் மேல் சுத்தமான கண்ணாடித் தகட்டை வைத்து, கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தித் தாளுக்கு இணையாக நிறுத்துங்கள். முழுப் பக்கத்தை ஒரு படமாகவும், மேல்பாதி, கீழ்ப்பாதியைத் தனித்தனியாகவும் எடுங்கள். கோப்புப் பெயரில் இதழ், ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற வரிசையைக் கடைசி வரை மாற்றாதீர்கள். எழுத்துணரி மென்பொருள்கள் இன்று தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. ஆனால் 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களில் தடுமாறும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய வடிவங்கள் உள்ள பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்வதே நேரத்தை மிச்சப்படுத்தும். 1990களின் பக்கங்கள் குறுந்தட்டில் கிடைத்தால் வேறொரு சிக்கல் உண்டு. முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கிய முரசு மென்பொருளுக்குப் பின் கணினி அச்சுக்கோப்பு இங்கே பரவியது. யூனிகோடுக்கு முந்தைய அக்கோப்புகளைக் குறியாக்க மாற்றி வழியே மாற்றாவிட்டால் திரையில் வெறும் குறிகளே தெரியும்.

பக்கங்களைப் படிப்பது

இனி வேலையின் மையத்துக்கு வருவோம். ஒரு நாளிதழின் ஏற்றமும் இறக்கமும் அதன் தலையங்கத்தில் தெரிவதில்லை. எந்தத் தலையங்கமும் ‘நாங்கள் நலிகிறோம்’ என்று எழுதாது. ஆகையால் தலையங்கத்தைக் கடைசியில் படியுங்கள்.

முதலில் முகவரிகளை எண்ணுங்கள். வாசகர் கடிதம், சிறுவர் பகுதி, மாணவர் பகுதி, குறுக்கெழுத்துப் போட்டி முடிவு, நினைவஞ்சலி ஆகிய எல்லாவற்றிலும் பெயருக்குக் கீழே ஊர் இருக்கும். ஐந்தாண்டுக்கு ஒரு மாதம் என எடுத்துக்கொண்டு, அம்மாதத்தில் வந்த முகவரிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்: தோட்டம், பட்டணம், தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி. 1950களின் இதழ்களில் இது மகிழ்ச்சி தரும் வேலை. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பு, தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் போன்ற பகுதிகள் தோட்டத்து இளைஞரை வெறும் வாசகராக விடாமல் எழுத்தாளராக்கின. தன் பெயர் வரும் என்று காத்திருக்கும் இளைஞன் ஒருவன் இருக்கும் லயத்தில் அந்தப் பத்திரிகைக்கு நிரந்தரமாக ஒரு வீடு உண்டு. பத்திரிகை முதலாளிகள் போட்ட முதலீடுகளிலேயே மிகுந்த பலன் தந்தது இதுதான் என்பது என் கருத்து. அதற்கு ஆன செலவோ ஓர் ஆசிரியரின் நேரமும் அரைப் பக்கத் தாளும்.

பின்வந்த ஆண்டுகளில் தோட்ட முகவரிகள் எப்போது குறையத் தொடங்குகின்றன என்று பாருங்கள். அந்த ஆண்டுகளை வெளியே நடந்தவற்றோடு ஒப்பிடுங்கள். 1950களிலும் 60களிலும் ஐரோப்பியருக்குச் சொந்தமான பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதை எதிர்கொள்ளத்தான் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடமிருந்தே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு நடைமுறையால் குடியுரிமை பெறாத பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்பினர். பால்மரமான ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. ஒரு தோட்டம் மூடப்பட்டால் ஐம்பது வீடுகள் ஐம்பது இடங்களுக்குச் சிதறும். லயத்தில் ஒரே பிரதியைப் பத்துப் பேர் படித்தது போல, கிள்ளானில் அடுக்குமாடியில் குடியேறியபின் யாரும் படிப்பதில்லை. எனவே விற்பனையைவிட வாசிப்பு முன்னதாகவே, அதைவிட வேகமாகக் குறைந்திருக்க வேண்டும் என்பது நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோள். முகவரிக் கணக்கு அதை ஏற்கிறதா மறுக்கிறதா என்பதை எண்ணிய பிறகே எழுதுங்கள்.

இரண்டாவது, விளம்பரம். ஒரு தீபாவளி மலரையும் அதே ஆண்டின் ஒரு சாதாரணப் புதன்கிழமை இதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரங்களை உள்ளூர்க் கடை, பெருநிறுவனம், அரசு அறிவிப்பு, அரசியல்வாதி அல்லது குத்தகையாளரின் வாழ்த்து, மரண அறிவித்தல் என்று பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை பத்தி அங்குலம் பிடித்திருக்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதுங்கள். தீபாவளி மலர் வாழ்த்துகளால் புடைத்தும், புதன்கிழமை இதழ் மெலிந்தும் இருந்தால், அந்தப் பத்திரிகையை வாசகர் காக்கவில்லை, செல்வாக்கு காக்கிறது என்று பொருள். செல்வாக்கின் ஆயுள் தேர்தலோடு கட்டப்பட்டது. சாமிவேலு 2008 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட்டில் மைக்கேல் ஜெயக்குமாரிடம் தோற்றார்; 2010இல் ம.இ.கா. தலைமையிலிருந்து விலகினார். எனவே தமிழ் நேசனை ஆராய்பவர் 2007, 2009, 2011, 2015 ஆகிய நான்கு ஆண்டுகளின் தீபாவளி மலர்களை அளந்தாலே அரசியலுக்கும் வருவாய்க்கும் இடையே இருந்த உறவைப் பற்றி ஆதாரத்தோடு பேசலாம். மரண அறிவித்தல் பக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள். ஊர்மக்கள் கடைசி வரை பணம் கொடுத்து இடம் வாங்கும் பகுதி அதுதான், அதுவும் சுருங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவது, பள்ளித் தேர்வு. தொடக்கப்பள்ளி ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆருக்குத் தமிழ் நாளிதழ்கள் ஆண்டுதோறும் மாதிரி வினாக்களை வெளியிட்டன. அப்பக்கங்களுக்காகவே பத்திரிகை வாங்கிய வீடுகள் நம் ஊரில் ஏராளம். அத்தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது. இன்று நடந்துகொண்டிருக்கும் நாளிதழ்களை ஆராய்வோர் இதை விட்டுவிடக் கூடாது.

விலை, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். விலை ஏறிப் பக்கம் குறைந்த ஆண்டைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

ஆட்களிடம் பேசுவது

உரிமையாளர் குடும்பத்தாரைக் கடைசியாகச் சந்தியுங்கள். முதலில் ஊர் முகவரிடம் போங்கள். கோலாலம்பூரில் அச்சான கட்டு எந்த நேரத்தில், ரயிலிலா பேருந்திலா வந்தது, எத்தனை பிரதி வந்து எத்தனை திரும்பிற்று, கடனுக்குக் கொடுத்த தோட்டக் கணக்கைச் சம்பள நாளில் எப்படி வசூலித்தார் என்பன அவருக்கே தெரியும். ‘அந்தக் காலத்தில் நன்றாக ஓடியதா, அண்ணே?’ என்று கேட்டால் ‘ஓகோ’ என்பார், அதனால் பயனில்லை. ‘சம்பள வாரத்தில் எத்தனை பிரதி கூடுதலாகப் போகும்?’ என்று கேளுங்கள். அதன்பின் அச்சுக்கோத்தவர், ஊர்ச் செய்தியாளர், தோட்டத்து எழுத்தரான கிராணி, வேலை மேற்பார்வையாளரான தண்டல் என்று செல்லுங்கள். ஆசிரியர்களின் இடமாற்றத்தையும் கேட்டறியுங்கள். நம் நாட்டில் வாசகர் பெரும்பாலும் முதலாளியைப் பின்தொடர்ந்ததில்லை. 2005இல் மறைந்த ஆதி. குமணன் வானம்பாடி, தமிழ் ஓசை, மலேசிய நண்பன், மக்கள் ஓசை என்று இதழ்விட்டு இதழ் சென்றபோது ஒரு வாசகர் கூட்டமே அவர் பின்னால் சென்றது. போட்டி இதழின் வளர்ச்சியை அறியாமல் நீங்கள் ஆராயும் இதழின் தளர்ச்சியை விளக்க முடியாது.

குடும்பத்தாரிடம் செல்லும்போது, திரட்டிய படங்களில் சிலவற்றை அச்சிட்டுக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். ‘ஐயா காலத்து இதழ் இது, அம்மா’ என்று தொடங்குங்கள். பாகப்பிரிவினையை நீங்களாக எடுக்காதீர்கள். அவர்களே எடுத்தால், அது நடந்த நாளையும் பதிவான ஆவணத்தையும் மட்டும் கேளுங்கள். யார் மேல் தவறு என்ற தீர்ப்பை ஒரு தரப்பின் வாயிலிருந்து வாங்கி எழுதிவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் அமலில் இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, ஒரே உணவு மேசையில் அமர்ந்திருந்த இருவர் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு ஆண்டில் வைத்துச் சொல்வதே வழக்கம். பேசுவதற்கும் பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியே எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள்.

காரணங்களை எடைபோடுவது

கிடைத்தவற்றை ஒரு நீளமான தாளில் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். இடப்பக்கம் வீட்டுக்குள் நடந்தவை: மரணம், பங்கு மாற்றம், கடன், ஆசிரியர் விலகல். வலப்பக்கம் வெளியே நடந்தவை: தோட்ட விற்பனை, தேர்தல், 1996இல் ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சியோடு வீட்டுக்குள் வந்த தமிழ் அலைவரிசை, கைப்பேசிச் செய்தி, அரசு நடவடிக்கை. படம் ஒன்றை வெளியிட்டதற்காக 2007இல் மக்கள் ஓசைக்கு ஒரு மாதத் தடை விதிக்கப்பட்டதைப் போன்றவை எந்தக் குடும்பத்தின் திறமையின்மையாலும் வந்தவை அல்ல. உரிமம் அரசின் கையில் இருந்ததால் வந்தவை.

பிறகு ஒரு கடுமையான கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இக்குடும்பம் ஒற்றுமையாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் இருந்திருந்தால் பத்திரிகை பிழைத்திருக்குமா? 1896இல் தொடங்கிய ஆங்கில நாளிதழான மலாய் மெயில் 2018 டிசம்பரில் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. மலாய் நாளிதழான உத்துசான் மலேசியா 2019 அக்டோபரில் நின்று, பின்னர் வேறு நிறுவனத்தின் கீழ் மீண்டும் வந்தது. தமிழ் நேசன் நின்றதும் இதே ஓராண்டு இடைவெளியில்தான். குடும்பச் சண்டை எதுவும் இல்லாத பெரிய நிறுவனங்களும் அதே காலத்தில் சாய்ந்திருக்க, ஒரு தமிழ் நாளிதழின் முடிவை மட்டும் வாரிசுகளின் தலையில் சுமத்துவது நியாயமாகாது. மறுபக்கம், அதே காலத்தில் வேறு தமிழ் நாளிதழ்கள் நடந்துகொண்டிருந்தன என்பதால் காலத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிடவும் முடியாது. இவ்விரண்டுக்கும் இடையில் உங்கள் முகவரிக் கணக்கும் விளம்பர அளவும் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கமே உங்கள் முடிவும் சாய வேண்டும்.

வெளியிடுவதும் ஒப்படைப்பதும்

பழைய பக்கங்களைப் படமாக அச்சிடுமுன் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைக் கவனியுங்கள். பெயரோடு வந்த ஆக்கத்துக்கு எழுதியவரின் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டுகளும் காப்பு உண்டு. எழுதியவர் இன்னாரென்று தெரியாத புனைபெயர் ஆக்கத்துக்கும் பெயரில்லா ஆக்கத்துக்கும் வெளியான காலத்திலிருந்து 50 ஆண்டுகள். ஆகவே 1960களின் பெயரில்லாச் செய்திகளையும் விளம்பரங்களையும் பெரும்பாலும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பெயரோடு வந்த கதை, கவிதைக்கு எழுத்தாளரிடமோ அவர் வாரிசிடமோ அனுமதி கேளுங்கள்.

நூலாக வந்தால் தேசிய நூலகத்துக்குப் படிகளை ஒப்படைப்பது 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. திரட்டிய மூல இதழ்களை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் தேசிய ஆவணக் காப்பகத்தையோ பல்கலைக்கழக நூலகத்தையோ அணுகுங்கள். எண்மப் படிகளை இரண்டு வன்வட்டுகளில் எடுத்து, ஒன்றை ஊர்த் தமிழ்ப்பள்ளியிலும் மற்றொன்றை ஊருக்கு வெளியே ஒரு பொறுப்பான சங்கத்திலும் வையுங்கள். முகவரிக் கணக்குத் தாள்களையும், விளம்பர அளவுத் தாள்களையும், பேட்டிகளின் ஒப்புதல் கடிதங்களையும் அதே பெட்டியில் சேர்த்து, எந்த மாதத்து இதழ்கள் கிடைக்கவில்லை என்ற பட்டியலை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து தேடுபவர் அங்கிருந்து தொடங்குவார்.